என் கந்தோர் போய்ச் சேராத பின்னேரங்கள்

எதையும் அது நடந்த கிழமையோடு சேர்த்தே நினைவில் வைப்பது என் பழக்கம். இந்தப் பயம் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, ஐப்பசி பிறந்த கையோடு.

அன்று காலை எங்கள் திணைக்களத்தின் யாழ்ப்பாணக் கந்தோரில் எழுதுவினைஞர் எல்லோரையும் மேல் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வடக்கில் உள்ள கிளைக் கந்தோர்களின் கணினிகள் எல்லாவற்றையும் ஒரே நெட்வேர்க்கில் இணைக்கப் போகிறார்கள். அதைக் கவனிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு பிரிவு அமைப்பார்கள். பயிற்சி தருவார்கள், பிறகு செய்முறைப் பரீட்சை. சித்தியடைந்தவர்கள் அந்தப் பிரிவில் இருக்கலாம். மற்றவர்களுக்குத் தை மாதத்தோடு இடமாற்றம். மன்னாரோ முல்லைத்தீவோ, எங்கே ஆள் குறைவோ அங்கே.

மற்றவர்களுக்கு இடமாற்றம் என்றால் வாடகை அறையும் கடைச் சாப்பாடும் வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்சும். எனக்கு அது வேறு. என் மனைவிக்கு வலிப்பு இருக்கிறது. மருந்தைத் தவறவிடாமல்தான் எடுக்கிறாள். மாதக்கணக்காக ஒன்றும் வராது. பிறகு ஒருநாள் வரும். வருமுன் நாக்கில் செப்புக்காசை வைத்தது போல ஒரு ருசி தெரியும் என்பாள். அந்த ருசிக்கும் விழுவதற்கும் இடையில் கிடைக்கிற நேரம் ஒவ்வொரு முறையும் ஒரேயளவாக இருப்பதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர் வெளிநாட்டில். பின்வளவில் கிணறு. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் ஏனோ சுற்றுக்கட்டைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள், முழங்காலுக்குச் சற்று மேலேதான் வரும். மேலே இரும்பு வலை போட வெல்டிங்காரருக்குச் சொல்லிப் பல மாதம். "நாளைக்குக் கட்டாயம் வாறன் அண்ணை" என்பார். தண்ணீர் இறைக்க மோட்டர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் காலையில் குசினியில் இருக்கும் பாத்திரங்கள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுவேன். தேத்தண்ணி நேரத்திலும் மத்தியானமும் போன் எடுப்பேன்.

"நான் இன்னும் விழேல்லை" என்று சொல்லிக்கொண்டுதான் அவள் போனை எடுப்பாள்.

இங்கேயிருந்து போன் எடுத்து அவள் எடுக்காவிட்டால் நான் ஓடிப்போய்ப் பார்க்கலாம். மன்னாரில் இருந்து எடுத்து அவள் எடுக்காவிட்டால்? அந்தக் கேள்வியோடுதான் நான் பயிற்சிக்குப் போனேன்.

பயிற்சி நல்லூரில், ஒரு ரியூஷன் நிலையத்தின் மேல்மாடியில். கீழே உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் நடக்கும். படிப்பிக்கிற சேர் மைக்கில் கத்துவது எங்கள் தரையை அதிரவைக்கும். மேலே நாங்கள் இரண்டிரண்டு பேராக. எனக்குச் சோடியாக வந்தவள் சாவகச்சேரிக் கந்தோர்ப் பெண், தென்மராட்சியில் தோட்டம் செய்கிற குடும்பம். என்னைவிட மிக இளையவள், வாய் அதிகம். சோடியில் ஒருவர் கோட்டைவிட்டால் மற்றவரும் சித்தியில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கேட்டுவிட்டு அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணை, கண்ணாடி போட்டுக்கொண்டுதானே தட்டுவியள்?"

எங்களுக்குத் தந்த வேலை சொல்லச் சுலபமானது. ரவுட்டர் என்பது சந்தியில் நிற்கிற ஆள் மாதிரி. "இந்தக் கந்தோருக்குப் போகிறதென்றால் என் பக்கம் அனுப்பு" என்று அடுத்த சந்தியில் நிற்கிறவனுக்கு அது சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்கு அப்படி ஒரு கந்தோர் இருப்பதே தெரியாது. இந்தச் சொல்லிவிடுதலைத்தான் வழி அறிவிப்பு என்கிறார்கள். எங்கள் இரண்டு ரவுட்டர்களும் அறை மூலையில் ஓர் இரும்புத் தட்டில் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்த மஞ்சள் வயரில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் இருந்து ஒரு நீல வயர் எங்கள் மேசைக்கு வந்து ஒரு பழைய கணினியின் பின்புறம் கொழுவியிருந்தது. அந்தக் கணினிதான் கந்தோர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது யாழ்ப்பாணம், அவளுடையது சாவகச்சேரி. கட்டளைகளைத் தட்டுவது பக்கத்தில் உள்ள மடிக்கணினியில்.

முதல் கிழமை எல்லாம் ஒழுங்காகப் போனது. அடுத்த கிழமை, புதன் பின்னேரம், யாழ்ப்பாணம் காணாமல் போனது.

"அண்ணை, சாவகச்சேரி உங்களிட்டை வந்திட்டுதோ?"

"ஓம், வந்திட்டுது."

"யாழ்ப்பாணம் என்னட்டை வரேல்லை. இப்ப கொஞ்சம் முந்தி இருந்தது."

வெளியே மழை இருட்டு. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று அறிந்துதான் இருந்தன, பேச்சு அறவில்லை. ஆனால் என் ரவுட்டர் அவளுக்கு அறிவிக்கும் கந்தோர்கள் எவை என்று கேட்டால் வெறும் திரைதான் வந்தது. கட்டளையை அழித்துத் திரும்பத் தட்டினேன். இலக்கங்களை வாய்விட்டு வாசித்தேன். ஒன்றும் பிசகில்லை. கடைசியில் இருட்டிவிட்டதென்று எழும்பி வந்துவிட்டோம்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் யாழ்ப்பாணம் அவளுடைய அட்டவணையில் இருந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பவும் போனது.

எங்களுக்குப் படிப்பித்த தம்பி ஒரு கம்பனியில் வேலை செய்பவன், சனிக்கிழமைகளில் மட்டும் வருவான். சனிக்கிழமை காலை நல்ல வெயில். அவன் முன்னால் எல்லாம் சரியாக வேலை செய்தது.

"வேலை செய்யிறதை நான் எப்பிடி அங்கிள் திருத்த?" என்றான். இலக்கத்தையும் அதன் அளவையும் இன்னொருக்கால் ஒத்துப்பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

எந்நேரமும் பழுதாயிருக்கிற பொருளை நம்பலாம். சுகமாக இருந்து, ஒரு காரணமும் சொல்லாமல் விழுந்து, பிறகு தானாக எழும்புகிறதைத்தான் நம்ப முடியாது. எனக்கு அது வீட்டில் பழகிய பயம். அதே பயம் இப்போது நல்லூர் மாடியிலும். பரீட்சை அன்று பின்னேரம் அது விழுந்தால், தை மாதம் நான் மன்னாரில்.

நித்திரை குறைந்தது. ரவுட்டர்களைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் வாசித்தேன். புத்தகங்களை நான் பொதுவாக நம்புகிறவன். இந்த முறை அவை எனக்குப் பயப்பட இன்னும் பல காரணங்களைத்தான் தந்தன. ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சந்தேகத்தோடு மாடிப்படி ஏறினேன். அந்தக் கிழமை கந்தசஷ்டி. என் சோடிக்காரி விரதம், பால் மட்டும்தான். கோயில் மணி கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடித் திறப்பாள்.

"அண்ணை, நான் பட்டினி கிடக்கிறன். உங்கடை யாழ்ப்பாணம் இண்டைக்கும் வராட்டி நான் உங்களைத்தான் கடிச்சுத் தின்னுவன்."

"நான் கிழட்டு இறைச்சி தங்கச்சி."

"சஷ்டி முடியட்டும். அவிச்சுத் தின்னுறன்."

பரீட்சை, சஷ்டி முடிகிற சூரன்போருக்கு அடுத்த நாள் என்று குறித்திருந்தார்கள். சூரன்போருக்கு முதல் நாள் பின்னேரம் இருவரும் கடைசிப் பயிற்சிக்கு இருந்தோம். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. சாவகச்சேரி வந்து சேர்ந்தது. அவள் கைதட்டினாள். கொழும்புத்துறைப் பக்கம் வானம் மையிருட்டு. முதல் முழக்கம் கேட்டதும் அவள் எழும்பி யன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து கட்டளையை இன்னொருக்கால் தட்டிப் பார்த்தாள்.

"என்ன?"

"போட்டுது அண்ணை."

நான் திரையைப் பார்க்கவில்லை, போனை எடுத்தேன். ஏன் அந்த நேரத்தில் வீட்டுக்கு எடுக்கத் தோன்றியதென்று தெரியாது. நீங்கள் அழைத்த இலக்கத்துக்குத் தொடர்பு கிடைக்கவில்லை என்று அந்தப் பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் அதே குரல். அவளுடைய போன் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

"நான் போட்டு வாறன்" என்றேன். மடிக்கணினியை மூடினேனா என்பதுகூட நினைவில்லை.

மழை துளி துளியாகத் தொடங்கி, நான் கொழும்புத்துறைச் சந்தி தாண்ட முன்னம் கொட்டியது. வீட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை. கூப்பிட்டேன், மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்குள் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனேன். கிணற்றுக் கட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்க மழைத்துளி குத்திக் குத்திக் கொப்பளித்தது. அடியில் ஏதும் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மின்னல் வெட்டினால் தெரியும் என்று மின்னலுக்குக் காத்து நின்றேன்.

"உங்கை என்னத்தை எட்டிப் பாக்கிறியள்?"

குசினி வாசலில் நின்றாள், கையில் மெழுகுதிரி.

"போன்?" என்றேன்.

"நிப்பாட்டினன். இடி முழங்குது."

"ஏன் நிப்பாட்டினனீர்? நான் செத்துப் போனன்."

"நீங்கள்தானே சொன்னனீங்கள், உங்கடை கந்தோர் மெஷின் எல்லாம் எரிஞ்ச அண்டைக்கு. இடி முழங்கினா ஒரு வயரும் விடாதையும் எண்டு. ரி.வி. வயர், சார்ஜர் எல்லாம் கழட்டினன். போன் மட்டும் ஏன் மிச்சமெண்டு நேற்றுப் பின்னேரந்தான் யோசிச்சன். வாங்கோ உள்ளுக்கை, நனையாமல்."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மனைவி அதை இடிக்குப் பயந்து தள்ளி நின்று பார்த்தாள். சாவகச்சேரிக்காரி.

"அண்ணை, அக்கா சுகமோ?"

"ஓம், சுகம். போனை நிப்பாட்டியிருக்கிறா."

"அப்பாடா. அண்ணை, யாழ்ப்பாணம் வந்திட்டுது."

"என்ன செய்தனீர்?"

"குனிஞ்சன்."

"என்ன?"

"பேனை விழுந்தது, எடுக்கக் குனிஞ்சன். உங்கடை மேசைக்குக் கீழ நீல வயர் தொங்குது. எடுத்துக் கொழுவினன். உடன வந்திட்டுது. ஆர் அண்ணை அதைக் கழட்டினது?"

நான் என் இடது கையைப் பார்த்தேன்.

எங்கள் கந்தோரில் கணினிகள் எரிந்தது முன்னொரு ஐப்பசியில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நாங்கள் பிளக்குகளை எல்லாம் கழற்றித்தான் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றாத ஆள் யார்? ஆனால் மின்னல் கரண்ட் வயரால் வரவில்லை. நெட்வேர்க் வயரால் வந்தது. ஒரு வரிசைக் கணினி முழுக்க கருகிப்போய் மணத்தது. அதன் பிறகு எங்கள் கந்தோரில் முதல் முழக்கம் கேட்டால் யன்னல் சாத்த முந்தியே எல்லோருடைய இடது கையும் மேசைக்குப் பின்னால் போய் நீல வயரை உருவிவிடும். முழக்கம் ஓய்ந்ததும் அதே கை திரும்பக் கொழுவும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. இமைப்பதை யாராவது நினைவில் வைக்கிறார்களா?

புதனும் வெள்ளியும் இடி முழங்கியிருக்கிறது, எழும்பி வரும்போது முழக்கம் ஓய்ந்து அந்தக் கையே திரும்பக் கொழுவியிருக்கிறது. வியாழனும் சனியும் இல்லை. கிழமைகளை நினைவில் வைக்கிற எனக்கு அது தோன்றவில்லை. ரவுட்டர் தன் அட்டவணையில் இல்லாத கந்தோரை அடுத்தவனுக்குச் சொல்லாது. நீல வயரை உருவியதும் யாழ்ப்பாணம் அந்த அட்டவணையிலிருந்து போய்விடும். போகும்போது சும்மா போவதுமில்லை. "இனி அந்தக் கந்தோருக்கு என் பக்கம் அனுப்பாதே" என்று அடுத்த ரவுட்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தும். வயர் கழன்றதை எங்கள் திரையிலும் எழுதியிருக்கும். தட்டச்சுக்குக் குறுக்கே வந்து விழுகிறதென்று அந்தச் செய்திகளை, எங்களுக்குப் படிப்பித்த தம்பி முதல் நாளே நிறுத்திவைத்திருந்தான்.

"அப்ப உங்கடை கந்தோரில ஏன் ஒருத்தரும் கழட்டிறேல்லை?" என்று சாவகச்சேரிக்காரியைக் கேட்டேன்.

"எங்கடை கந்தோரில எரியிறதுக்கு என்ன இருக்கு அண்ணை? எல்லாம் முந்தியே பழுது."

பரீட்சை பின்னேரத்துக்கு வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார், தமிழர்தான், சிரிக்காத மனிதர். எங்கள் போன்களை நிறுத்தச் செய்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். நாங்கள் வேலையைத் தொடங்கிச் சற்று நேரத்தில் முழக்கம் தொடங்கியது.

நான் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். ஒற்றைக் கையால் தட்டினேன். ஒவ்வொரு முழக்கத்துக்கும் தொடைக்கு அடியில் அந்தக் கை திமிறியது. எனக்கு அந்த வயரைப் பற்றி மட்டுமல்ல பயம். கொழும்புத்துறை இருட்டியிருக்கும், கரண்ட் போயிருக்கும், அவள் போனை நிறுத்தியிருப்பாள். கூடையில் இருக்கிற என் போனும் நிறுத்தித்தான் கிடக்கிறது. எழும்பி ஓடினால் தை மாதம் மன்னார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

பரீட்சகர் என் பின்னால் வந்து நின்றார். "கையில என்ன?"

"ஒண்டுமில்லை சேர்."

"சேர், அண்ணைக்கு உந்தக் கை கொஞ்சம் சொல்வழி கேளாது" என்றாள் என் சோடிக்காரி, திரையிலிருந்து தலையை எடுக்காமல். பிறகு, "யாழ்ப்பாணம் வந்திட்டுது சேர்" என்றாள்.

அவர் குனிந்து இரண்டு திரையையும் பார்த்தார். மஞ்சள் வயரைப் பார்த்தார். இருவருக்கும் சித்தி என்று சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

போன் கைக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. இந்த முறை எனக்குக் காரணம் தெரியும். இடி முழங்குகிறது, நிறுத்தி வைத்திருக்கிறாள். விரதம் முடித்த என் சோடிக்காரி கீழே கடையில் றோல்ஸ் வாங்கித் தந்தாள். நானும் நின்று தேத்தண்ணி குடித்தேன். மழை விட்ட பிறகுதான் வெளிக்கிட்டேன். பல கிழமைகளுக்குப் பிறகு பயமில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடிய பின்னேரம் அது.

அவள் குசினிப் படியில் இருந்தாள். தலையில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது.

"பாஸோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப மன்னார் இல்லை."

"இல்லை. என்ன நடந்தது?"

"வந்தது." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "கரண்ட் போட்டுது. தண்ணி முடிஞ்சுது. கிணத்தடிக்குப் போனன். வாளியை இழுக்கேக்கதான் ருசி தெரிஞ்சுது. கயித்தை விட்டிட்டு நிலத்தில இருந்திட்டன். அவ்வளவுதான் தெரியும். பிறகு பாத்தா மழை முகத்தில பெய்யுது."

நான் போய்ப் பார்த்தேன். வாளி கிணற்றுக்குள் சரிந்து மிதந்தது. கயிறும் உள்ளே. சேற்றில் அவள் கிடந்த இடம் பதிந்திருந்தது. கிணற்றுக் கட்டுக்கும் அந்தத் தடத்துக்கும் இடையில் ஒரு வாளியைத்தான் வைக்கலாம்.

"அப்பிடிப் பாக்காதேங்கோ" என்றாள் பின்னால் இருந்து. "வாளியெண்டபடியால் மிதக்குது."

கிட்ட இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் பட்டேன். கிட்டத்தான் இருந்தேன். நல்லூரில் றோல்ஸ் தின்றுகொண்டு.

வெல்டிங்காரரின் வீட்டுக்கு அன்றிரவே போய் வாசல் படலையில் நின்று கத்தினேன். நான் கத்தி அவர் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய வலையோடு வந்துவிட்டார். போனைப் பற்றி எனக்கும் அவளுக்கும் அதன் பிறகும் வாக்குவாதம். இடிக்குள் போனை விட்டு வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை. எரிந்த கணினிகளின் கதையை எனக்கே திருப்பிச் சொன்னாள். கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"நிப்பாட்ட முந்தி ஒரு மிஸ்ட் கோல் தாறன். வந்தா, நானாத்தான் நிப்பாட்டினது. இடி முழங்கியும் வராட்டி, வாங்கோ."

இதை எழுதுவது அடுத்த ஐப்பசியில். நான் யாழ்ப்பாணத்துப் பிரிவில் இருக்கிறேன். சாவகச்சேரிக்காரி எனக்கு எதிர் மேசையில். இப்போது கந்தோர்கள் உண்மையான கந்தோர்கள். நீல வயரில் கைவைக்க எங்களுக்குத் தடை. முழக்கம் கேட்டால் என் இடது கை சட்டைப் பையில் உள்ள போனுக்குப் போகிறது. ஒருக்கால் அடித்து நிற்கும். அதன் பிறகுதான் எனக்கு மற்றச் சத்தங்கள் கேட்கத் தொடங்கும்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நல்ல முழக்கம் ஒன்று கேட்டது. போன் அடிக்கவில்லை. நான் எழும்பினேன். இரண்டாவது முழக்கம் கேட்கும்போது படி இறங்கிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டுத் திருப்பியபோது பையில் ஒருக்கால் அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன், அவளுடைய இலக்கம்தான். திரும்பவும் பார்த்தேன்.

மேல் யன்னலைத் திறந்து என் சோடிக்காரி கத்தினாள். "அண்ணை, வந்ததோ?"

"வந்தது."

"அப்ப ஏறி வாங்கோ. முல்லைத்தீவைக் காணேல்லை. அங்கையும் ஆரோ உருவிப்போட்டினம் போலை."

வாறன் என்று கையைக் காட்டினேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தொடங்கிய மழையில் கொஞ்ச நேரம் நின்றேன்.